சுவர் அப்புறம், முதலில் தண்ணீருக்கு வழி

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் 20 சென்ட் இடம் வாங்கி, ஏப்ரலில் பொக்லைன் வைத்துச் சரிவை வெட்டி, வீடு கட்டும் அளவுக்குச் சமப்படுத்தினோம். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தோம். மே மாதம் ஒரு ராத்திரி பெய்த மழையில் அந்த மண் கரைந்து, கீழே உள்ள காப்பித் தோட்டத்திலும் பக்கத்து ஓடையிலும் இறங்கிவிட்டது. தோட்டத்துப் பெரியவர் கடும் கோபத்தில் இருக்கிறார். விஏஓ வந்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரியோ, "கீழே எட்டடிக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பிட்டா எல்லாம் சரியாயிடும்" என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நண்பன், அங்கே மண்ணைத் தொடும் முன்பே மண்ணரிப்புத் தடுப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறான். இங்கே அப்படி விதி ஏதும் உண்டா? சுவர் கட்டலாமா?
– ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, சுவரை இப்போது கட்ட வேண்டாம். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பணத்தில் முதலில் வாய்க்கால் வெட்டச் சொல்லுங்கள்.

உங்கள் 20 சென்டையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அது ஏறக்குறைய 810 சதுர மீட்டர். அதன் மேல் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் 81,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி கணக்கில் கிட்டத்தட்ட ஏழு லாரி. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு பெய்த மழையில், ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது உங்களுக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு மழைக்குப் பதினான்கு லாரித் தண்ணீர் உங்கள் இடத்தில் மட்டும் விழும். மேலே உள்ள சரிவிலிருந்து வடிந்து வருவது தனி. காப்பிச் செடியும் சில்வர் ஓக் சருகும் மூடியிருந்த காலத்தில் அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு தரைக்குள் இறங்கியிருக்கும். பொக்லைன் ஏறி இறங்கி இறுகிப்போன வெற்றுத் தரையில் எங்கே இறங்கும்? ஓடத்தான் செய்யும்.

இப்போது மேஸ்திரி சொல்லும் எட்டடிச் சுவரை அங்கே நிறுத்திப் பாருங்கள். பின்னால் இருப்பது பொக்லைன் தள்ளிய தளர்ந்த மண். தண்ணீருக்குப் போக வழி இல்லை. சுவருக்குப் பின்னால் எட்டடியும் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் கிட்டத்தட்ட மூன்று டன் எடை வெளியே தள்ளும். மண் தள்ளுவது அதற்கு மேல். பல வருஷத்துக்கு முன் குப்பனூர் பாதைப் பக்கம் ஒரு தங்கும் விடுதி வேலைக்கு, எல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தக்காரர் ஆகஸ்டில் சரிவை வெட்டி, செப்டம்பரில் அழகான கருங்கல் சுவர் எழுப்பி, பூச்சும் பூசியிருந்தார். சுவரில் ஒரு துளைகூட இல்லை. நவம்பரில் அது முழுசாகக் கவிழ்ந்து கீழ்த்தோட்டத்தில் கிடந்தது. நான் போனபோது மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வெட்டுமுகத்தில் பாறையும் மண்ணும் சேரும் இடத்திலிருந்து அப்போதும் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அந்தக் கசிவை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நம் சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோக்கைட், கெட்டியான கல். அதன் மேல் உளுத்துச் செம்மண்ணான பகுதி போர்வை மாதிரி கிடக்கிறது. மழைநீர் போர்வைக்குள் இறங்கி, பாறையில் முட்டி, அதன் முதுகு வழியாகவே சரிவில் நகரும். நீங்கள் வெட்டியது அந்தப் போர்வையின் அடி ஓரத்தை.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? ஜூன் வந்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை ஏற்காட்டில் சும்மா தூறிவிட்டுப் போவதில்லை. அக்டோபரில் வடகிழக்கு வரும். இடையில் கிடைக்கும் வெயில் நாட்கள்தான் உங்களுக்கு உள்ள அவகாசம்.

முதல் வேலை வெட்டுமுகத்துக்கு மேலே. உங்கள் எல்லைக்குள்ளேயே, வெட்டிய விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, குறுக்காக ஒரு வாய்க்கால். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலை வைத்து, நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம் வரும்படி கோடு போட்டு வெட்டச் சொல்லுங்கள். கண் மதிப்பில் வெட்டினால் எங்காவது ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கி, அங்கேயே உடைத்துக்கொண்டு இறங்கும். வாய்க்காலின் அடியில் கல் பதித்து விடுங்கள். கசிந்து வெட்டுமுகத்துக்குள்ளேயே இறங்கினால் வெட்டிய பயனே இல்லை. அதன் முடிவு ஏற்கெனவே தண்ணீர் ஓடும் ஓடையில், முடிந்தால் பாறை தெரியும் இடத்தில் இருக்கட்டும். சரிவில் இறங்க வேண்டிய பகுதியைப் படிப்படியாகக் கல் வைத்துக் கட்டுங்கள். தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து வேகம் தணியும்.

இரண்டாவது, கீழே தள்ளிய மண். மண்ணைச் சரிவில் தள்ளிவிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம், ஏனென்றால் மலையில் நான் பார்த்த பெரும்பாலான சேதம் இப்படித்தான் தொடங்கியது. அந்த மண்ணை ஆள் வைத்து வாரி, சமதளத்தில் உள்பக்கமாகக் கொண்டுவந்து, விளிம்பை விட்டும் ஓடையை விட்டும் தள்ளிக் குவியுங்கள். மேல்மண் கறுப்பாக, வேரோடு இருக்கும். அதைத் தனியாக வையுங்கள், பின்னால் செடி வைக்க அதுதான் உதவும். குவியலுக்குத் தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் கல் ஏற்றுங்கள்.

மூன்றாவது, மூடாக்கு, அதாவது வெற்று மண்ணைச் சருகாலோ வைக்கோலாலோ மூடுவது. இதை ஏன் அவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று புரிய, ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு உங்கள் இடத்து மண்ணைப் போட்டு, முக்கால் பங்கு தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் வண்டல் படிய சில மணி நேரம். களி மட்டும் மறுநாள் காலையிலும் தண்ணீரைச் சிவப்பாகவே வைத்திருக்கும். கீழ் எல்லையில் நீங்கள் வைக்கும் எந்தத் தடுப்பும், சாக்கோ, கல் வரிசையோ, குழியோ, தண்ணீரைச் சில நிமிஷம்தான் நிறுத்தும். அதற்குள் உட்காருவது மணல். ஓடையைச் சிவப்பாக்கும் களி தடுப்பைத் தாண்டிப் போய்விடும். அதைப் பிடிக்க ஒரே வழி, மண்துகள் பெயர்வதற்கு முன்பே மழைத்துளியைத் தடுப்பது. வெற்று மண் மேல் விழும் ஒவ்வொரு துளியும் சின்ன உளி மாதிரி மண்ணைக் கொத்தி எடுக்கும். சருகு இருந்தால் துளி அதன் மேல் உடைந்து, மெல்ல வடியும்.

ஆகவே வெற்றாகக் கிடக்கும் இடம் முழுக்க நாலு விரல் கனத்துக்கு வைக்கோலோ சருகோ பரப்புங்கள். ஏற்காட்டில் சில்வர் ஓக் சருகுக்கா பஞ்சம்? சரிவான இடத்தில் அது அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, மேலே தேங்காய் நார் வலையை விரித்து மூங்கில் முளை அடியுங்கள். வலை இரண்டு மூன்று வருஷம் தாங்கும், அதற்குள் புல் பிடித்துவிடும். வெயில் படும் இடத்தில் அரையடிக்கு ஒரு தூராக, சரிவுக்குக் குறுக்கே வெட்டிவேர் வரிசை வையுங்கள். நர்சரியில் அதைச் சர்வரோக நிவாரணி மாதிரி விற்கிறார்கள், ஆனால் மர நிழலில் அது தேறாது. நிழலுள்ள இடத்தில் அங்கேயே தானாக வளரும் புல்லைப் பெயர்த்து நடுவதே மேல்.

கடைசியாகத்தான் கீழ் எல்லைத் தடுப்பு. எல்லைக்கு உள்ளே, சமமட்டமாக, அரையடி பள்ளம் தோண்டி, மண் நிரப்பிய கோணிகளை இரண்டு வரிசையாக அடுக்குங்கள். பள்ளம் இல்லாமல் தரை மேல் வைத்தால் தண்ணீர் அடியில் புகுந்து ஓடிவிடும். தண்ணீர் கூடும் மூலையில் ஆறடிக்கு ஐந்தடி, மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் குழி. பாதி நிரம்பியதும் அள்ளிவிட வேண்டும். அள்ளாத குழி அடுத்த மழையில் வயிற்றில் உள்ளதையும் சேர்த்துக் கக்கும். உங்கள் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் மண் போனாலே ஒரு டன்னுக்கு மேல் ஆகிறது, அதனால் குழியைப் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தாலும் அது வீண் செலவு கிடையாது.

அடுத்து விதிகள். உங்கள் நண்பர் சொன்னது சரி. அமெரிக்காவில் ஒரு ஏக்கர் அல்லது அதற்கு மேல் மண்ணைக் கிளறும் கட்டுமானத்துக்கு, அரிப்புத் தடுப்புத் திட்டத்தோடு அனுமதி பெற வேண்டும். பல ஊர்களில் அதைவிடச் சின்ன இடத்துக்கும் உள்ளூர் விதி உண்டு. நம்மிடம் அப்படி ஒரே தலைப்பில் ஒரு விதி இல்லை. ஆனால் ‘விதியே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலைந்து சட்டங்களில் பிரிந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஏற்காட்டுக் கிராமங்கள் மலைதளப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருபவை. ‘ஹாகா’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 1990இல் வந்த அரசாணையால் அமைந்தது. இங்கே மனை, கட்டட அனுமதிக்கு ஊராட்சியின் கையெழுத்து மட்டும் போதாது. சேலத்தில் உள்ள நகர் ஊரமைப்பு அலுவலகம் வழியாகப் போக வேண்டும். வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வனத்துறை ஆகியவற்றின் கருத்து கேட்கப்படும். இதில் வேளாண் பொறியியல் துறை பார்ப்பது மண்ணரிப்பைத்தான். அதாவது உங்கள் நண்பர் சொல்லும் அந்தத் திட்டத்தை இங்கே கேட்கும் இடம் இதுதான். அனுமதி வாங்காமல் ஏப்ரலில் வெட்டியிருந்தால், அதை மறைக்காமல் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். வெட்டியதை மலையில் மறைக்க முடியாது, எதிர்ச்சரிவில் நின்றாலே தெரியும்.

இடத்தில் மரம் வெட்டியிருந்தால் அது தனி விவகாரம். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் ஏற்காட்டுக்கும் பொருந்தும். பட்டா நிலத்து மரமானாலும் அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் அனுமதி வேண்டும். மரம் வெட்டுவதோடு, மலையில் நிலத்தைப் பயிருக்குத் திருத்துவதையும் அந்தச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. மரத்தையும் மண்ணையும் அன்றைக்கே ஒன்றாகச் சேர்த்து யோசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

மீந்த மண்ணை லாரியில் வெளியே அனுப்பும் யோசனை இருந்தால், 1959ஆம் ஆண்டின் சிறுகனிம விதிகள் குறுக்கே வரும். சொந்த இடத்து மண்ணானாலும் அனுமதியும் நடைச்சீட்டும் இல்லாமல் லாரி மலை இறங்கக் கூடாது. ஓடையைப் பொறுத்தவரை புலப்படத்தில், அதாவது உங்கள் சர்வே எண்ணின் நில அளவை வரைபடத்தில், பாருங்கள். ஓடைப் புறம்போக்காக இருந்தால் அதில் உங்கள் மண் கிடப்பதே ஆக்கிரமிப்பாகப் பார்க்கப்படலாம், 1905ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இருக்கிறது. ஊருக்குத் தொல்லை என்று புகார் போனால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி நிர்வாகத்துறை நடுவர், நடைமுறையில் ஆர்டிஓ எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியர், அதை அகற்ற உத்தரவு போடலாம்.

விஏஓ வாய்மொழியாக நிறுத்தச் சொன்னதை அப்படியே விட்டுவிடாதீர்கள். தாசில்தாருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வீட்டு வேலை நிறுத்தப்பட்டுள்ளது, மண் மேலும் இறங்காமல் தடுக்க வாய்க்காலும் மூடாக்கும் தடுப்பும் மட்டும் ஆட்களைக் கொண்டு செய்கிறோம், இயந்திரம் இல்லை, அதற்கு அனுமதி வேண்டும் என்று. புகைப்படமும் வையுங்கள்.

தோட்டத்துப் பெரியவர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவை அதன் எடுத்துக்காட்டுகளோடு ஒரு முறை படித்துப் பாருங்கள். மேல் நிலத்தில் இயற்கையாக விழும் மழைநீர், வாய்க்கால் ஏதுமில்லாமல் பரந்து இயற்கையாக வடிந்தால், கீழ் நிலத்துக்காரர் அதைத் தடுக்கக் கூடாது. அந்த அளவுக்கு அவர் கடமைப்பட்டவர். நீங்கள் வெட்டி, ஒரே இடத்தில் கூட்டி, மண்ணும் சேர்த்து அனுப்பும் தண்ணீர் இயற்கையான வடிகால் கணக்கில் வராது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஒருவருடைய நிலம் இயற்கையான நிலையில் இருக்கும்போது, பக்கத்து நிலத்து மண் அதற்குக் கொடுக்கும் முட்டுக்கு அவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கு மேல்பக்கம் யார் இருக்கிறார் என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. மேல் எல்லையை ஒட்டி வெட்டியிருந்தால், அவருடைய நிலத்தின் முட்டைத்தான் எடுத்திருக்கிறீர்கள். வெட்டின் உயரம் எவ்வளவோ அந்த அளவாவது மேல் எல்லையிலிருந்து தள்ளி இருக்கிறதா என்று இந்த வாரமே நாடா வைத்து அளந்து பாருங்கள். இல்லையென்றால் அந்த இடத்தில் யாரையும் நின்று வேலை செய்ய விடாதீர்கள், ஒரு அனுபவமுள்ள பொறியாளரை உடனே அழைத்துக் காட்டுங்கள்.

பெரியவரிடம் நீங்களே நேரில் போங்கள், மேஸ்திரியை அனுப்ப வேண்டாம். போகும்போது இரண்டு ஆட்களையும் கொத்துகளையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். காப்பிச் செடியின் தூரைச் சுற்றி ஒரு சாண் மண் ஏறி நின்றால், வேருக்குக் காற்றுப் போகாமல் செடி மெல்லக் காயும். இலை மஞ்சளாகும்வரை யாருக்கும் தெரியாது. ஏறிய மண்ணைக் கையாலும் சின்னக் கொத்தாலும், பழைய தரை மட்டம் தெரியும்வரை, செடிக்குச் செடி விலக்க வேண்டும். மண்வெட்டி போட்டால் மேலோட்டமாக ஓடும் ஊட்டவேர்கள் அறுந்துபோகும். மண் வெயிலில் இறுகும் முன் இதைச் செய்தால் பெரும்பாலான செடிகளைக் காப்பாற்றலாம். காய்ந்தவற்றுக்கு நஷ்டத்தை அவர் கேட்கும் முன் நீங்களே பேசிவிடுங்கள். மூன்று தலைமுறையாக அந்தத் தோட்டத்தில் இருப்பவராக இருந்தால், அந்தச் சரிவில் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று எந்த வரைபடத்தையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். வாய்க்காலை எங்கே கொண்டு சேர்ப்பது என்று அவரையே கேளுங்கள்.

ஓடையில் இறங்கிய மண்ணையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மலையின் வடக்கே இறங்கும் தண்ணீர் வாணியாற்றுக்குப் போகிறது. தெற்கே இறங்குவது கன்னங்குறிச்சி புது ஏரி, மூக்கனேரி என்று சேலத்துக்கு வருகிறது. மேலே ஒவ்வொரு மனையிலும் கரையும் மண் கீழே ஏரியில்தான் படியும். அதை யாரோ தூர்வார வேண்டும்.

சுவர் எப்போது? அனுமதி வந்து, வாய்க்கால் ஒரு மழைக்காலம் வேலை செய்வதைப் பார்த்த பிறகு, ஜனவரிக்கு மேல். அதுவும் எட்டடி ஒரே சுவராக வேண்டாம், இடம் இருந்தால் நாலடி நாலடியாக இரண்டு படியாகப் பிரியுங்கள். அஸ்திவாரம் தள்ளிய மண்ணில் நிற்கக் கூடாது, அசையாத தரையைத் தொட வேண்டும். மலைப்பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஐஎஸ் 14458 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது, வடிவமைக்கும் பொறியாளரிடம் அதைக் கேளுங்கள். சுவருக்குப் பின்னால் ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, அதற்கும் மண்ணுக்கும் இடையில் வடிகட்டும் துணி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக வெளிப்பக்கம் சற்றுச் சாய்ந்த மூன்று அங்குல பைப். சுவர் முடிந்த அன்று ஒவ்வொரு பைப்பிலும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள், பாதியில் சிமெண்ட் அடைத்திருப்பது சகஜம்.

மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் உறிஞ்சுகுழி ஒன்றைச் சுவருக்குப் பின்னாலோ வெட்டுமுகத்துக்கு மேலோ தோண்டிவிடுவார்கள். சமவெளியில் நல்ல காரியம், சரிவின் தலையில் அதுவே ஆபத்து. கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள், மிச்சம் வாய்க்காலுக்குப் போகட்டும். செப்டிக் டேங்கின் உறிஞ்சுகுழிக்கும் இதே பேச்சுதான். வீட்டின் அஸ்திவாரம் வெட்டிய பாகத்தில் முழுதும் அமரட்டும், பாதி வெட்டிலும் பாதி நிரப்பிலும் அமர்ந்தால் இரண்டாவது வருஷமே சுவரில் விரிசல் ஓடும்.

இத்தனையும் செய்த பின், ஜூலையில் ஒரு நல்ல மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள். மேல் வாய்க்கால் ஓடையில் சேரும் இடத்தில் ஒரு பாட்டில், உங்கள் கீழ் எல்லையைத் தாண்டி வெளியேறும் தண்ணீரில் ஒரு பாட்டில், உங்கள் இடத்துக்கு மேலே ஓடையில் ஒரு பாட்டில் பிடித்து, மூன்றையும் மறுநாள் காலைவரை அசைக்காமல் வையுங்கள். உங்கள் எல்லைப் பாட்டில் மட்டும் சிவப்பாக நின்றால் இன்னும் எங்கோ மண் மூடப்படாமல் கிடக்கிறது, தேடிச் சருகு போடுங்கள். மூன்றும் ஒரே நிறத்தில் இருந்தால் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள்.